டைமிங் பெல்ட் மாற்றிய பதினோராம் நாள் இன்ஜின் நின்றுவிட்டது: எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். டீசல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஷோரூமில் டைமிங் பெல்ட், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றி 27,000 ரூபாய் பில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் 640 கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறீர்கள். பதினோராம் நாள் பெரம்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் டக்கென்று நின்றுவிட்டது. டோ பண்ணி அதே ஷோரூமுக்குக் கொண்டுபோய் விட்டீர்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு, "வால்வு பெண்ட் ஆகியிருக்கும் சார், ஹெட்டை இறக்கணும், 1,35,000 வரும், எங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, எஸ்டிமேட்டுல கையெழுத்துப் போட்டாத்தான் வேலையை ஆரம்பிப்போம்" என்கிறார்கள். இது யார் தப்பு என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு இப்போது தெரியவேண்டியது, நாளைக் காலை அந்தக் கையெழுத்தைப் போடலாமா, போடாவிட்டால் தப்பு அவர்களுடையது என்று எதை வைத்துக் காட்டுவது என்பதுதான்.

அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். இன்னும் இன்ஜினை அவர்கள் திறக்கவில்லை என்றால், உங்களுக்கு வேண்டிய சாட்சி எல்லாம் இந்த நிமிடம் அந்த டைமிங் கவருக்குள் அப்படியே இருக்கிறது. கவரைக் கழற்றிய அரை மணி நேரத்தில் அது கலைந்துவிடும். நட்டைக் கழற்றி, பெல்ட்டை உருவி, எல்லாவற்றையும் டீசல் ட்ரேயில் போட்டுக் கழுவிவிட்டால், பிறகு நீங்கள் எந்த வக்கீலைப் பிடித்தாலும் வாய்ச்சொல்தான் மிஞ்சும். நான் கீழே எழுதுவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில் 14 வருடம் இருந்தேன். டெக்னீஷியனாகச் சேர்ந்து, ஃப்ளோர் சூப்பர்வைசர், கடைசியில் ஒர்க்ஸ் மேனேஜர். இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாக கராஜ் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டிகளைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்து, மூன்று முறை நுகர்வோர் ஆணையத்தில் சாட்சி சொல்லவும் போயிருக்கிறேன். இன்ஜின் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டம் பற்றி, அந்த மூன்று வழக்கிலும் அதற்கப்புறமும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வழக்கு என்று போவதானால் ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும்? கீழே பிஸ்டனை ஓட்டும் கிராங்க், மேலே வால்வைத் திறந்து மூடும் கேம், இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டிவைத்திருப்பது இந்தப் பெல்ட்தான். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது, வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடம் மிகமிகக் குறைவு. தாளம் தப்பினால் திறந்து நிற்கிற வால்வின் மேல் பிஸ்டன் போய் அடிக்கும். 2,000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் ஒரு நொடிக்கு 33 சுற்று சுற்றுகிறது. நீங்கள் கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் "சத்தம் வந்ததும் நிறுத்தியிருக்கணும்" என்று அவர்கள் சொன்னால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெல்ட் அறுந்தோ பல் தாண்டியோ போனால் ஓட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்றும் கிடையாது. ஒன்றே ஒன்று: நின்ற பிறகு திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்திருந்தால் சேதம் கொஞ்சம் கூடியிருக்கலாம். நீங்கள் ஒரே ஒரு முறைதான் அடித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒர்க்‌ஷாப்பில் எத்தனை முறை அடித்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன என்றால், புது பெல்ட் 640 கிலோமீட்டரில் வயதாகிச் சாகாது. ஆகவே ஒன்று, பூட்டியதில் தப்பு. அல்லது போட்ட சாமானில் குறை. அல்லது பெல்ட்டுக்கு வெளியிலிருந்து ஏதோ வந்து அதைக் கெடுத்திருக்கிறது. அல்லது பில்லில் போட்டபடி பெல்ட்டை மாற்றவே இல்லை. இந்த நான்கில் எது என்று வண்டியைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். முதல், இரண்டாம், நான்காம் காரணம் என்றால் பொறுப்பு ஷோரூமுடையது. சாமானில் குறை என்றாலும் அந்தச் சாமானை உங்களுக்கு விற்று, பூட்டி, பில் போட்டது அவர்கள்தானே. அதைத் தயாரித்தவரிடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு. மூன்றாவதில் மட்டும் நிஜமாகவே சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளிப்பெல்ட் நைந்து, அதன் நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆயில் சீல் கசிந்து பெல்ட் ஊறிப்போவதும் உண்டு. ஆனாலும், டைமிங் வேலைக்கு அந்த வெளிப்பெல்ட்டைக் கழற்றி மாட்டித்தான் ஆகவேண்டும். சீல் கண் முன்னால்தான் இருக்கும். நைந்த பெல்ட்டையும் கசிந்த சீலையும் பார்த்துவிட்டு ஜாப் கார்டில் (வண்டிக்கு என்ன வேலை என்று பதியும் தாள்) ஒரு வரி எழுதாமல் மூடினார்கள் என்றால் அதற்கும் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான்.

பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். அறுந்த இடம் கத்தியால் வெட்டினதுபோல நேராக இருந்தால், பூட்டும் முன் யாரோ அதைக் கையில் மடக்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி நூல் அப்போதே முறிந்திருக்கும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து பிசிறு பிசிறாக இருந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. பெல்ட் முழுசாக இருந்து ஒரு இடத்தில் மட்டும் வரிசையாகப் பல் உரிந்திருந்தால், இழுவிசை போதாமல் தளர்ந்து ஓடியிருக்கலாம். இல்லையென்றால் வாட்டர் பம்ப் போல ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கலாம். பம்ப்பைக் கையால் சுற்றினால் எது என்று தெரிந்துபோகும். முதுகில் அச்சடித்த எழுத்துகளையும் பாருங்கள். 640 கிலோமீட்டர் ஓடிய பெல்ட்டில் பார்ட் நம்பர் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும். எழுத்தே மறைந்து, முதுகு பளபளவென்று வெடிப்பு விட்டிருந்தால் அது 92,000 ஓடிய பழைய பெல்ட். அப்படி இருந்தால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது.

பெல்ட்டை விட நான் அதிகம் பார்ப்பது டென்ஷனரை. பல இன்ஜின்களில் டென்ஷனரில் ஒரு சின்ன முள் இருக்கும்; அது ஒரு பள்ளத்துக்கு நேராக வந்து நிற்கவேண்டும். அதை வைத்து, நட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவு) இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, முள் இடம் மாறவில்லையா என்று மறுபடி பார்க்கவேண்டும். அந்த இரண்டு சுற்றைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். கிராங்க் புல்லி போல்ட்டும் முக்கியம். சில இன்ஜின்களில் கிராங்க் பல்சக்கரம் தண்டில் சுழலாமல் பிடித்துவைக்கும் கட்டை (கீ) கிடையாது, போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும்தான் நிற்கும். பழைய போல்ட்டையே போட்டாலோ, டார்க் ரெஞ்ச் இல்லாமல் இம்பாக்ட் கன்னால் அடித்துவிட்டாலோ, சக்கரம் வழுக்கித் தாளம் தப்பும். பெல்ட்டுக்கு ஒரு கீறல் இருக்காது, வால்வு எல்லாம் வளைந்திருக்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. 2009-இல் நான் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்த ஒன்று இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து டைமிங் பெல்ட் மாற்றிக்கொண்டு போனார். வேலை பார்த்த பையன் நல்ல பையன்தான். அன்றைக்கு கிராங்கையும் கேமையும் அசையாமல் பிடித்துவைக்கும் லாக் பின் செட் பக்கத்து வண்டியில் மாட்டியிருந்தது, டெலிவரிக்கு நேரமாகிவிட்டது என்று ஒயிட்னரால் மார்க் போட்டுப் பூட்டிவிட்டான். கவரைத் திறந்து பார்க்காமல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் கையெழுத்துப் போட்டது நான். ஐந்தாம் நாள் வண்டி டோவில் திரும்பி வந்தது. எங்கள் மேனேஜரும் இப்படித்தான் ஒரு எஸ்டிமேட் போட்டார். அந்த ஆசிரியர் சத்தம் போடவில்லை. "கவரை நான் வந்த பிறகு கழட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை கேமராவோடு வந்தார். கையிலிருந்த அன்றைய பேப்பரை, தேதி தெரியும்படி மடித்து இன்ஜின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். கவர் வந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். டென்ஷனர் முள் பள்ளத்தை விட்டு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. நட்டைத் தொட்டேன்; ஸ்பேனர் இல்லாமலே சுற்றியது. அதற்கப்புறம் மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெட் வேலை முழுவதும் ஒரு ரூபாய் வாங்காமல் செய்து கொடுத்தோம். அன்றைக்கு அவர் வராமல் இருந்திருந்தால் அந்த நட்டு ட்ரேயில் விழுந்திருக்கும். அறிக்கையில் நானே "டென்ஷனர் ஃபெயிலியர்" என்று எழுதியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? போகும் முன்னாலேயே, இன்று இரவு, சர்வீஸ் மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் நகல் போடுங்கள். முந்தைய பில் நம்பர், தேதி, அன்றைய ஓடோமீட்டர், நின்ற இடம், நின்றபோது ஓடோமீட்டர் எல்லாம் எழுதி, "நான் நேரில் இல்லாமல் டைமிங் கவரையோ ஹெட்டையோ திறக்கக் கூடாது; கழற்றும் சாமான்கள் எதையும் கழுவவோ தூக்கிப் போடவோ கூடாது" என்று தெளிவாக எழுதுங்கள். போனில் பேசியதெல்லாம் நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அங்கே போனதும் ஜாப் கார்டைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புதுப் பழுது என்று கார்டு திறந்திருப்பார்கள். அதே வேலை திரும்பி வந்தால் ரிபீட் என்று பதிவு செய்யவேண்டும். ரிபீட் எண்ணிக்கை கம்பெனிக்குப் போகும், ஒர்க்‌ஷாப்புக்குக் கெட்ட பெயர் வரும் என்பதால் அட்வைசர்கள் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ரிபீட் என்று மாற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அதையும் அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்.

கையெழுத்து கேட்டால், எஸ்டிமேட்டில் போடாமல் தனித்தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "காரணம் கண்டறிவதற்காக என் முன்னிலையில் திறக்க மட்டும் சம்மதிக்கிறேன். பழுதுபார்க்கவோ, அதற்கான தொகைக்கோ இது சம்மதம் அல்ல." திறந்து பார்க்கும் கூலி கேட்பார்கள். தப்பு அவர்களுடையது என்று தெரிந்தால் அந்தக் கூலி கிடையாது என்று அதே தாளில் எழுத வைத்துவிட்டுச் சம்மதியுங்கள். முடிந்தால் கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊர் மெக்கானிக் வந்தால் கண்ணால் பார்த்துச் சொல்வார். ஆனால் வழக்குக்கு உதவுகிற ஆள் என்றால் ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், அல்லது ஆட்டோமொபைல் சொல்லிக்கொடுக்கும் அரசு பாலிடெக்னிக் ஆசிரியர். கட்டணம் கொடுத்துப் படத்தோடு அறிக்கை வாங்குங்கள்.

திறக்கும் வரிசை முக்கியம். முதலில் ஸ்கேனரைப் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பிழைக் குறியீடுகளை அழிக்கும் முன் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். பி0016 என்று வந்தால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்புறம் மேல் கவர் மட்டும். எதையும் தொடும் முன் பெல்ட், டென்ஷனர் முள், சீல் இருக்கும் இடம் எல்லாவற்றையும் படமும் வீடியோவும் எடுங்கள். வீடியோவை நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, கேமராவை நிறுத்தாமல் இன்ஜினுக்குக் கொண்டுவாருங்கள். டென்ஷனர் நட்டையும் கிராங்க் போல்ட்டையும் கழற்றும்போது எவ்வளவு இறுக்கம் இருந்தது என்பது வீடியோவில் தெரியவேண்டும். ஹெட்டை இறக்கும் முன், சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் ஓட்டை வழியே சின்ன கேமராவை விட்டால் பிஸ்டன் தலையில் வால்வு அடித்த தடம் தெரியும். தடம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் புதியது. கரி படிந்திருந்தால் பழையது. கழற்றிய பெல்ட், டென்ஷனர், பம்ப், போல்ட் நான்கையும் ஒரு பையில் போட்டு, இரண்டு தரப்பும் தேதியோடு கையெழுத்திட்டு ஒட்டிவையுங்கள். உங்கள் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தாலே பாதிப் பேரிடம் பேச்சின் தொனி மாறிவிடும். அப்போது குட்வில் என்று ஒரு வார்த்தை வரும்: சாமான் கம்பெனி செலவு, கூலி நீங்கள் கொடுங்கள் என்பது மாதிரி. கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் ஒப்புதல் கொடுத்தால் இது நடக்கும், அவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். தப்பு கண்ணுக்குத் தெரிந்தால் முழுசாகக் கேளுங்கள். சந்தேகம் பாதிப் பாதி என்றால் கூலியோடு முடித்துக்கொள்வதில் நான் தப்பு சொல்லமாட்டேன். ஆறு மாதம் கார் இல்லாமல் அலைவதும் செலவுதான். எப்படி முடித்தாலும் புது வேலைக்கு எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் வாரன்டி என்று எழுத்தில் வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "தண்ணியில போச்சுன்னு இன்சூரன்ஸ் போட்டுடலாம் சார்" என்று யாராவது காதோடு சொல்லலாம். சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரப் பழுதைக் கவர் பண்ணாது, அதனால்தான் அந்தக் கதை. அதில் கையெழுத்துப் போட்டால் பொய் சொன்னவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஷோரூம் தப்பு என்று பிறகு வாய் திறக்கவே முடியாது.

பேசி முடியவில்லை, வண்டி அவசரமாக வேண்டும் என்ற நிலை வந்தால்: 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஆகவே பணம் கட்டாமல் வண்டியைப் பிடுங்கி வர முடியாது. பணத்தைக் கட்டுங்கள், ஆனால் பில்லிலும் மெயிலிலும் "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிவிட்டு, ஆன்லைனில் மட்டும் கட்டுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் போன மூன்று வழக்கும் அதைவிட அதிக நாள் இழுத்தன. கார் கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பதை மட்டும் வக்கீலிடம் கேளுங்கள். கோவாவில் விற்ற ஒரு கார் பற்றிய வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தப்பு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் இன்று இரவு கம்பெனிக்கும் நகல் அனுப்பவேண்டும் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் இதைப் படிப்பதற்குள் அவர்கள் ஹெட்டை இறக்கிவிட்டார்கள் என்றால் நிலைமை கடினம், ஆனால் முடிந்துபோகவில்லை. யார் அனுமதியில் திறந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் திறந்து சாட்சியைக் கலைத்ததே அவர்களுக்கு எதிராகப் பேசும். பெல்ட்டையும் டென்ஷனரையும் எப்படி இருக்கிறதோ அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். வளைந்த வால்வுகளையும் விடாதீர்கள். முந்தைய வேலையின் ஜாப் கார்டு, ஸ்டோரிலிருந்து பெல்ட், போல்ட் எடுத்த இஷ்யூ ஸ்லிப் இரண்டுக்கும் நகல் கேளுங்கள். பில்லில் கிராங்க் போல்ட் தனியாக ஒரு வரியில் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். உங்கள் இன்ஜினுக்கு மேனுவல் புது போல்ட் கேட்டு, பில்லில் அது இல்லை என்றால் அதுவே ஒரு பிடி. கவரைத் திறந்ததும் டென்ஷனர் முள்ளைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.